கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள்

வாசகி ஒருவரின் கடிதம்: "மகளுக்கு 22 வயது. அமெரிக்காவிலேயே பிறந்தவள். இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தொற்றுநோய் மருத்துவராகி, ராணுவத்தில் சேர்ந்து, ஆந்த்ராக்ஸ், எபோலா மாதிரி கிருமிகளுக்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வு செய்ய வேண்டும், ஒரு நாள் அந்த ஆய்வு நிலையத்துக்கே தலைமை ஏற்க வேண்டும் என்கிறாள். படிப்புச் செலவு முழுவதையும் ராணுவமே ஏற்குமாம். கேட்டதிலிருந்து எனக்கும் அவள் அப்பாவுக்கும் தூக்கமில்லை. எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும்? அந்தக் கிருமிகளோடு வேலை செய்வது எவ்வளவு ஆபத்து? அங்கே ஆயுதம் செய்கிறார்களா? ஆய்வும் தலைமைப் பொறுப்பும் இரண்டுமே ஒருத்திக்குக் கிடைக்குமா?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் கிடைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் கிடைக்காது. ராணுவம் தன் மருத்துவர்களை இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றும். ஒரு மருந்தோ தடுப்பூசியோ ஆய்வுக்கூடத்திலிருந்து அனுமதி வரை போக பத்து, பதினைந்து ஆண்டு பிடிக்கும். எந்த வயதில் எதைச் செய்வது என்று மகள் இப்போதே யோசித்துவைக்காவிட்டால், ஆய்விலும் முழுதாக இல்லாமல் அதிகாரத்திலும் முழுதாக இல்லாமல் நாற்பதைத் தாண்டிவிடுவாள். இந்தத் துறையில் அப்படி நடுவில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது ஒப்பந்தக் கணக்கு. வழிகள் இரண்டு. ஒன்று, ஹெச்.பி.எஸ்.பி. என்கிற சுகாதாரத் தொழில் ஸ்காலர்ஷிப். இடம் கிடைத்த கல்லூரியிலேயே படிக்கலாம். கட்டணம், புத்தகம், காப்பீடு ராணுவத்தின் செலவு. கைச்செலவுக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் உதவித்தொகை. மாணவப் பருவத்தில் அவள் ரிசர்வ் பிரிவில் செகண்ட் லெஃப்டினன்ட். ஆண்டுக்கு 45 நாள் மட்டும் முழுநேரப் பணி, அந்த நாட்களுக்கு அந்தப் பதவிக்குரிய சம்பளம். நான்கு ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்கு நான்கு ஆண்டு முழுநேர ராணுவப் பணி கடன். இன்னொன்று, மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் இருக்கும் சீருடைப் பணிகள் பல்கலைக்கழகம். 1972-இல் சட்டம் போட்டு உருவாக்கிய ராணுவ மருத்துவக் கல்லூரி. அங்கே கட்டணம் கிடையாது, முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். அதற்கு ஏழு ஆண்டு பணிக் கடன்.

இரண்டிலும் பெற்றோர்கள் தவறவிடும் வரி ஒன்றுதான்: பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் ரெசிடென்ஸி பயிற்சி ஆண்டுகள் கடனில் கழியாது. அதற்கும் மேலான சிறப்புத் துறைப் பயிற்சி, அதாவது ஃபெலோஷிப்பும் கழியாது, கழியாதது போதாதென்று, ராணுவச் செலவில் ஃபெலோஷிப் செய்தால் பெரும்பாலும் மேலும் கடன் சேரும். மகளின் கணக்கை இப்படிப் போடுங்கள். 26 வயதில் பட்டம். பொது மருத்துவ ரெசிடென்ஸி மூன்று ஆண்டு, 29. ஒரு படைப்பிரிவில் இரண்டு ஆண்டு, 31. தொற்றுநோய் ஃபெலோஷிப் இரண்டு ஆண்டு, 33. நான்கு ஆண்டுக் கடனில் கழிந்தது நடுவே படைப்பிரிவில் இருந்த இரண்டு மட்டுமே. மீதியும், ஃபெலோஷிப்புக்கான புதுக் கடனும் சேர்ந்தால் அவள் சுதந்திரமாக முடிவெடுக்கும்போது 35-ஐத் தாண்டியிருப்பாள். "நான்கு ஆண்டுதானே" என்று ஆள்சேர்ப்பு அதிகாரி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை அவராகச் சொல்லமாட்டார். இதற்கு மேல், மொத்த ராணுவக் கடமை எட்டு ஆண்டு. முழுநேரப் பணி போக மீதி ரிசர்வ் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும்.

பணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அதிக வருமானமுள்ள பிரிவுகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் வெளியே கடன் வாங்கிப் படித்துவிட்டு அடைத்துவிடலாம். தொற்றுநோய்ப் பிரிவு அப்படியல்ல. அமெரிக்காவில் சம்பளம் குறைந்த சிறப்புப் பிரிவுகளில் அதுவும் ஒன்று. ஆகவே உங்கள் மகளின் விஷயத்தில் ராணுவக் கணக்கு கட்டுப்படியாகிறது. 20 ஆண்டு முடித்தால் அடிப்படைச் சம்பளத்தின் உயர்ந்த மூன்றாண்டுச் சராசரியில் 40 விழுக்காடு ஓய்வூதியம். ஆனால் ஸ்காலர்ஷிப்பில் படித்த நான்கு ஆண்டு அந்த இருபதில் சேராது.

ரெசிடென்ஸி கிடைக்கும் முறையும் வேறு. மற்ற மாணவர்களுக்கு மார்ச்சில் முடிவு வரும்; ராணுவத்துக்குத் தனித் தேர்வுக் குழு, முடிவு டிசம்பர் நடுவிலேயே. விரும்பிய பிரிவு கிடைக்காமல் போனால், ஓராண்டு இன்டர்ன்ஷிப் முடித்து, சிறப்புப் பயிற்சி இல்லாமலே ஒரு படைப்பிரிவுக்கு மருத்துவராகப் போய், பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். கடற்படையில் இது மிகுதி, தரைப்படையில் குறைவு. பொது மருத்துவ ரெசிடென்ஸி கேட்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவுதான். நான்காம் ஆண்டில் கிடைக்கும் 45 நாளை அவள் சேர விரும்பும் ராணுவ மருத்துவமனையில் செலவிட வேண்டும். அங்கே நேரில் பார்த்தவர்களைத்தான் குழு நம்பும். நடுவில் ஒரு 45 நாளை ஆய்வு நிலையத்தில் கழிக்க அனுமதி கேட்கட்டும். அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது அந்த ஆறு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இனி ஆய்வு. அமெரிக்க ராணுவத்தின் கிருமித் தற்காப்பு ஆய்வுக்கு நடுநாயகம், மேரிலாந்தின் ஃபிரெடரிக் ஊரில் ஃபோர்ட் டெட்ரிக் முகாமுக்குள் இருக்கும் தொற்றுநோய் ஆய்வு நிலையம். எல்லோரும் யூசாம்ரிட் என்றே சொல்வார்கள். பி.எஸ்.எல்-4 என்கிற உச்சகட்டப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் அங்கே உண்டு. அருகே சில்வர் ஸ்பிரிங்கில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையம். அது மலேரியா, எச்.ஐ.வி., டெங்கு என்று படைவீரர்களுக்கு வரும் நோய்களைப் பார்ப்பது. பாங்காக்கிலும் கென்யாவிலும் அதற்குக் கிளைகள் உண்டு. பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வேலை வேறு. வால்டர் ரீட்டில் மனிதர்களிடம் சோதிக்க நோயாளிகள் உண்டு. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2009-இல் முடிவு வெளியான எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனை அப்படிப்பட்டது. யூசாம்ரிட்டில் அது பெரும்பாலும் முடியாது. பிளேக்கையோ எபோலாவையோ வேண்டுமென்றே மனிதருக்குக் கொடுத்து மருந்தைச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. இயற்கையாக நோய் வருபவர்களும் எப்போது, எங்கே வருவார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த முட்டுச்சந்தைத் தாண்டத்தான் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2002-இல் 'விலங்கு விதி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மகளின் எதிர்காலம் பெரிதும் இந்த விதியைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருந்து பலன் தருகிறது என்பதை விலங்குகளிடம் காட்டினால் போதும். ஆனால் நான்கு கட்டளைகள். கிருமி எப்படிக் கேடு செய்கிறது, மருந்து அதை எப்படித் தடுக்கிறது என்பது நன்றாக விளங்கியிருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விலங்கினத்தில் பலன் தெரிய வேண்டும். அல்லது மனிதரின் எதிர்வினையை நம்பகமாகக் காட்டும் ஒரே இனமாவது இருக்க வேண்டும். அளப்பது உயிர் பிழைத்தல் போன்ற, மனிதருக்கும் பொருந்தும் பலனாக இருக்க வேண்டும். விலங்கின் இரத்தத்தில் மருந்தளவு எவ்வளவு இருந்தபோது பலன் கிடைத்தது என்று அளந்து, அதிலிருந்து மனிதருக்கான அளவைக் கணக்கிட முடிய வேண்டும். மருந்தின் பாதுகாப்பை மட்டும் வழக்கம்போல ஆரோக்கியமான மனிதர்களிடம் சோதித்தாக வேண்டும். 2012-இல் ஆந்த்ராக்ஸுக்கான ராக்சிபாகுமாப், 2018-இல் பெரியம்மைக்கான டெகோவிரிமாட் இரண்டும் இந்த வழியில் அனுமதி பெற்றவை.

இது எங்கே சறுக்குகிறது என்பதற்கு ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து நல்ல பாடம். யூசாம்ரிட்டும் கிலியட் நிறுவனமும் சேர்ந்து செய்த சோதனையில், எபோலா ஊசியால் செலுத்தப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து மருந்து கொடுத்தார்கள். உயர்ந்த அளவு கொடுத்த குரங்குகள் எல்லாம் பிழைத்தன. 2016-இல் அந்த முடிவு வெளியானது. 2018-இல் காங்கோவில் எபோலா பரவியபோது நான்கு மருந்துகளை நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ரெம்டெசிவிர் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இரண்டு ஆன்டிபாடி மருந்துகளை எடுத்தவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ரெம்டெசிவிர் ஏன் பொய்த்தது? ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: நோயாளி குரங்கு மாதிரி மூன்றாம் நாள் வரமாட்டார். காய்ச்சல் கண்டு ஐந்தாறு நாள் கழித்து, வைரஸ் உடம்பெல்லாம் பரவி, சிறுநீரகம் சோர்ந்த பிறகு வருவார். டெகோவிரிமாட்டும் குரங்குகளில் வியக்கும்படி வேலை செய்தது. 2024-இல் காங்கோவில் எம்பாக்ஸ் என்கிற குரங்கம்மை நோயாளிகளிடம் புண் ஆறுவதை அது விரைவுபடுத்தவில்லை.

சீருடை போட்ட மருத்துவருக்கு இந்தத் துறையில் உள்ள இடம் இதுதான். குழாயும் தட்டும் வைத்து வைரஸ் வளர்ப்பதில் முனைவர் பட்டம் பெற்ற சிவிலியன் விஞ்ஞானியோடு அவளால் போட்டியிட முடியாது. அவர் அதே மேசையில் இருபது ஆண்டு இருப்பார், அவள் மூன்றாண்டில் போய்விடுவாள். ஆனால் நோயாளி எந்த நாளில், எந்த நிலையில் வருவார், அந்த நிலையில் இந்த மருந்தை இரத்தக்குழாயில் ஏற்ற முடியுமா, இந்தக் குரங்குச் சோதனை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று கேட்க வார்டில் நின்ற ஆள் வேண்டும். அந்தக் கேள்வியைச் சோதனை வடிவமைக்கும்போதே கேட்பவர் இல்லாத குழுக்கள் பல ஆண்டுகளையும் பெரும்பணத்தையும் தொலைத்திருக்கின்றன. ஆகவே மகள் கற்றுக்கொள்ள வேண்டியது, மருந்துச் சோதனைத் திட்டம் எழுதுவது, எஃப்.டி.ஏ.வுக்கு விண்ணப்பம் தயாரிப்பது, புள்ளியியல், வெப்பமண்டல மருத்துவம். பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் கிடைக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளட்டும். ஃபெலோஷிப்பை பெதஸ்டாவிலோ சான் அன்டோனியோவிலோ இருக்கும் ராணுவ மருத்துவமனையில் செய்தால் ஆய்வு நிலையங்களின் ஆட்களோடு அப்போதே பழக்கம் ஏற்படும். கையில் எடுக்கும் ஆய்வும் மூன்றாண்டில் ஒரு கட்டம் முடிந்து, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். நிரந்தரமாக அங்கே இருக்கும் சிவிலியன் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மாறுதல் ஆணை வந்த அன்றே நின்றுபோன ஆய்வுகளுக்கு இந்த ஒரு குறைதான் பொதுவான காரணம்.

வேறொரு வேலையும் அங்கே மருத்துவருக்கு உண்டு, வெளியே யாருக்கும் தெரியாதது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்குச் சந்தையில் இல்லாத, இன்னும் அனுமதி பெறாத தடுப்பூசிகளைச் சோதனை அடிப்படையில் போட்டுக் கண்காணிக்கும் சிறப்புத் தடுப்பூசித் திட்டம். வெனிசுவேலா குதிரை மூளையழற்சிக்கான டி.சி-83 என்ற தடுப்பூசி, தோராயமாக ஐந்தில் ஒருவருக்கு எதிர்ப்பாற்றலைத் தராது. அவர்களைக் கண்டுபிடித்து வேறு ஊசி போடுவது, ஒவ்வொரு காய்ச்சலையும் பதிவது, ஆண்டுதோறும் இரத்தம் எடுத்துப் பார்ப்பது எல்லாம் மருத்துவரின் பொறுப்பு. அலுப்பான வேலை என்று இளையவர்கள் தட்டிக்கழிப்பார்கள். மனிதர்களிடம் மருந்துச் சோதனை நடத்தும் ஒழுங்கைக் கற்க அதைவிட நல்ல பள்ளி கிடையாது.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். பி.எஸ்.எல்-4-க்குள் போகிறவர் வெளிக்காற்று உள்ளே புகாதபடி காற்றழுத்தம் கூட்டிய முழு உடையில் இருப்பார்; மூச்சுக்காற்று கூரையிலிருந்து தொங்கும் குழாய் வழியே வரும். வெளியே வரும்போது உடையோடு கிருமிநாசினி ஷவரில் சில நிமிடம் நிற்க வேண்டும். வெளியேறும் காற்று இரண்டு நுண்வடிகட்டிகளைத் தாண்டும். காற்றில் வந்து தொற்றிவிடும் என்று நீங்கள் பயப்படுவது இந்த ஏற்பாட்டில் அரிது. உண்மையான ஆபத்து ஊசி முனை, உடைந்த கண்ணாடி, விலங்கின் பல். 2004 பிப்ரவரியில் யூசாம்ரிட்டில் எபோலா செலுத்திய எலிகளோடு வேலை செய்த ஆய்வாளர் ஒருவருக்கு ஊசி குத்திவிட்டது. அவரைத் தனிமை வார்டில் 21 நாள் வைத்தார்கள். எபோலா வெளிப்பட 2 முதல் 21 நாள் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. தொற்று வரவில்லை. இப்படி ஒரு சம்பவத்தில் காப்பாற்றுவது உடனே சொல்வது: ஷவர் வழியே வெளியேறி, காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவி, கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிப் பார்த்து, மருத்துவரை அழைப்பது. "சின்னக் கீறல்தான்" என்று மறைப்பவர்தான் எல்லோருக்கும் ஆபத்து. மகள் அங்கே மருத்துவராக இருந்தால், பயந்துபோன அந்த ஆள் எந்தத் தயக்கமும் இல்லாமல் கூப்பிடும் நபராக இருக்க வேண்டும். திட்டுகிற மருத்துவரிடம் யாரும் உண்மை சொல்வதில்லை.

இந்தக் கிருமிகளைத் தொடுவதற்கு முன் எஃப்.பி.ஐ. பின்னணி ஆய்வு உண்டு, கைரேகையோடு. அதற்கு மேல் ராணுவத்தின் ஆள் நம்பகத் திட்டம். அதில் இருப்பவர் புதிதாக ஒரு தூக்க மாத்திரை எடுத்தாலும் சொல்ல வேண்டும். மேலதிகாரி அவரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். தண்டனை என்று அதற்குப் பொருளில்லை, ஆனாலும் முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். கர்ப்பகாலத்தில் உயிருள்ள கிருமியாலான தடுப்பூசிகளைப் போட முடியாது; அவை தேவைப்படும் கூடத்தில் அந்த மாதங்களில் வேலை செய்ய முடியாது. அந்தச் சமயம் எழுத்து வேலை, சோதனைத் திட்டம் என்று மாறிக்கொள்கிறார்கள். பேறுகால விடுப்பு போக, 2023 முதல் குழந்தையைக் கவனிக்க 12 வாரம் விடுப்பு உண்டு. அடிக்கடி இடமாற்றம் கணவரின் வேலையைத்தான் பாதிக்கும். அதற்கு நல்ல தீர்வு என்று எதையும் சொல்ல முடியாது.

ஆயுதம் செய்கிறார்களா? ஃபோர்ட் டெட்ரிக் 1943-இல் கிருமி ஆயுதம் செய்யத்தான் தொடங்கப்பட்டது. அதை மழுப்ப வேண்டியதில்லை. 1969 நவம்பர் 25-இல் அதிபர் நிக்சன் தாக்குதலுக்கான கிருமி ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். அவற்றை முற்றாகத் தடை செய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 1972-இல் கையெழுத்துக்கு வந்து 1975-இல் நடைமுறையானது. யூசாம்ரிட் செய்வது தற்காப்பு ஆய்வு. அதன் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளியாகின்றன. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு கிடையாது என்பதும், மருந்து தேடும் அறிவே கேட்டுக்கும் பயன்படலாம் என்பதும் உண்மை. 2001-இல் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் கடிதங்களால் 22 பேருக்கு நோய் வந்து 5 பேர் இறந்தார்கள். அதைச் செய்தவர் இதே நிலையத்தின் விஞ்ஞானி என்பதே அமெரிக்க விசாரணையின் முடிவு. வழக்கு நீதிமன்றம் போகும் முன் அவர் இறந்துவிட்டார். மகளுக்கு மனக்குறை எழுந்தால், நம்பகத் திட்டத்தின் கெடுபிடிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதுவே பதில்.

அடுத்து தலைமை. மருத்துவர் என்றால் தானாகத் தலைமை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ராணுவ மருத்துவமனைத் தலைமைப் பதவிகளுக்குச் செவிலியர் அதிகாரிகளும் நிர்வாக அதிகாரிகளும் சமமாகப் போட்டியிடுவார்கள். 2011-இல் தரைப்படையின் தலைமை மருத்துவ அதிகாரியாக, மூன்று நட்சத்திர ஜெனரலாக வந்த பேட்ரிஷியா ஹொரோஹோ ஒரு செவிலியர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அடுத்து 2015-இல் வந்த நாட்ஜா வெஸ்ட் மருத்துவர், அவரும் பெண். பெண்ணால் முடியுமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே இருந்தது. அதற்கு இது போதும்.

படிக்கட்டு ஏறத்தாழ இப்படி: பட்டம் பெற்றதும் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், இன்னும் ஆறில் லெஃப்டினன்ட் கர்னல், இன்னும் ஆறில் கர்னல். யூசாம்ரிட்டின் கமாண்டர் வழக்கமாக ஒரு கர்னல். கேப்டன், மேஜர் காலத்தில் ஆய்வு செய்து பெயர் நிலைநாட்ட வேண்டும். லெஃப்டினன்ட் கர்னல் ஆனதும் நிர்வாகம் இழுத்துக்கொள்ளும். நடுவில் படைப்பிரிவு மருத்துவராக இரண்டு ஆண்டைத் தவிர்க்கப் பலரும் தந்திரம் செய்வார்கள். நுண்ணுயிர் ஆய்வாளருக்குத் தடுப்பூசி எண்ணிக்கையும் முழங்கால் வலியும் பார்க்கும் வேலை எதற்கு என்று தோன்றும். தவிர்க்கக் கூடாது. தளபதிக்கு மூன்று நிமிடத்தில் ஒரு மருத்துவச் சிக்கலைச் சொல்லி முடிவு வாங்கும் கலை அங்கேதான் வரும். தேர்வுக் குழுவும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராதவரிடம் படையை ஒப்படைக்காது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் "சிறந்த ஆய்வாளர்" என்ற வாக்கியத்தால் பயன் குறைவு. எத்தனை பேரை வழிநடத்தினார், எவ்வளவு நிதியைக் கையாண்டார், எது முன்னைவிடச் சீரானது என்று எண்ணோடு எழுதப்பட வேண்டும். அந்த எண்களை அதிகாரிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியது அவளே. 2017-ஆம் நிதியாண்டுச் சட்டத்துக்குப் பிறகு ராணுவ மருத்துவமனைகளின் நிர்வாகம் பாதுகாப்புச் சுகாதார முகமையிடம் போய்விட்டதால், மருத்துவமனைத் தலைவருக்கு இரண்டு எஜமானர்கள்: சிகிச்சைக்கு முகமை, படையின் தயார்நிலைக்குத் தரைப்படை. இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மருத்துவரைக் கேட்பார்கள்.

கிருமி ஆய்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று தெரிய, அந்த உலகில் நடந்த மூன்று தவறுகளைப் பாருங்கள். 2009-இல் யூசாம்ரிட்டில் வேலையை நிறுத்தி உறைபெட்டிகளை எண்ணினார்கள். பதிவேட்டில் இல்லாத குழாய்கள் 9,200-க்கும் மேல் கிடைத்தன. மாறிப்போனவர்களும் ஓய்வுபெற்றவர்களும் விட்டுச்சென்றவை பல. ஒருவர் போகும்போது அவருடைய குழாய்களை யார் பெயருக்கு மாற்றுவது என்று கேட்பார் இல்லை. 2015-இல் யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவச் சோதனைத் தளம், கதிர்வீச்சால் கொன்றதாக நினைத்த ஆந்த்ராக்ஸ் விதைநுண்மங்களைப் பல ஆண்டுகளாக வெளிக்கூடங்களுக்கு அனுப்பிவந்தது தெரியவந்தது. சில உயிரோடு இருந்தன. இறந்ததா என்று பார்க்க எடுத்த மாதிரி மிகச் சிறியது. கதிர்வீச்சுக்கும் பரிசோதனைக்கும் இடையே விட்ட நேரமும் போதாது, அடிபட்ட நுண்மம் தேறிக்கொள்ளும் என்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. 2018 மே மாதம் வெள்ளத்தில் யூசாம்ரிட்டின் கழிவுநீரை நீராவியால் கொதிக்கவைக்கும் ஆலை கெட்டது. அதற்குப் பதில் ரசாயன முறை கொண்டுவந்தார்கள். கசிவும் நடைமுறைக் குறைகளும் கண்ட அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2019 ஜூலையில் ஆய்வை நிறுத்தியது. முழு அனுமதி திரும்ப 2020 மார்ச் ஆனது. ஒரு வடிகால் பிரச்சினையில் எபோலா ஆய்வு மாதக்கணக்கில் நின்றது. மூன்றிலும் அறிவியல் தோற்கவில்லை. பதிவேடு, மாதிரி அளவு, குழாய். கமாண்டர் நாற்காலியில் உட்காருபவரின் நாள் இவற்றில்தான் போகும். மகளுக்கு அதில் ஆர்வம் வராது என்றால், ஆய்வுப் பிரிவுத் தலைவர் பதவியோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

பதவி ஏற ஏற ஒரு சங்கடமும் கூடும்: ஒப்புதல். கர்னல் கேட்டால் சிப்பாய் மறுப்பாரா? 1998-இல் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைப் படையினருக்குக் கட்டாயமாக்கினார்கள், மறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2004 அக்டோபரில் நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நிறுத்தியது, எஃப்.டி.ஏ. தன் நடைமுறையைச் சரிசெய்த பிறகே கட்டாயம் திரும்பியது. இன்றைய சட்டப்படி, அனுமதி பெறாத மருந்தைப் படைவீரருக்கு அவர் ஒப்புதல் இல்லாமல் கொடுக்க விலக்கு தரும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் அவர்களின் மேலதிகாரி நிற்கக் கூடாது என்பதும் விதி. மருத்துவரே மேலதிகாரியாக இருந்தால், அவர் வெளியே போய் வேறொருவர் ஒப்புதல் வாங்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில. மருத்துவப் பரிசோதனையில் 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்திருந்தால் கேள்வி வரும். விலக்கு கேட்கலாம், ஆனால் மறைக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் பணிக் கடன் எந்த நாளில் தொடங்குகிறது, ஃபெலோஷிப்புக்கு எவ்வளவு கூடும், படிப்பை விட்டால் பணத்தை எப்படித் திருப்புவது என்ற மூன்றையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், வாய்ச்சொல் செல்லாது. ஆள்சேர்ப்பு அதிகாரியைத் தவிர, இப்போது பணியில் இருக்கும் தொற்றுநோய் மருத்துவர் ஒருவரோடும், கடன் முடிந்ததும் வெளியேறிய ஒருவரோடும் மகள் பேசட்டும். எல்லாம் கேட்டபின் ராணுவம் வேண்டாம் என்று தோன்றினால், கிருமித் தற்காப்புக்குச் சீருடை இல்லாத வாசலும் உண்டு: சி.டி.சி.யில் நோய்த்தடுப்பு அதிகாரிகளுக்கான இரண்டாண்டுப் பயிற்சி இருக்கிறது.

உங்கள் பங்குக்கு நீங்களும் இப்போதே தொடங்கக்கூடிய வேலை ஒன்று. பாதுகாப்பு அனுமதிக்கான நீண்ட படிவத்தில் வெளிநாட்டில் நெருங்கிய தொடர்பிலுள்ள உறவினர்கள், அவர்களின் வேலை, கடந்த ஏழு ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள், மகளின் பெயரில் வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ நிலமோ பங்கோ இருந்தால் அது, எல்லாம் கேட்பார்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது. இருந்தாலும் அதையும் சொல்லிவிடட்டும். சித்தப்பா, அத்தை, மாமா என்று பெயர், பிறந்த தேதி, முகவரி, கடைசியாகப் பேசிய நாள் வரை ஒரு பட்டியலாக எழுதிவையுங்கள். தாத்தா அவள் பெயரில் எழுதிவைத்த நிலம் ஏதாவது இருந்தால், அதை அவள் முதன்முதலாக விசாரணை அதிகாரியின் வாயால் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.